சீட்டுக்கட்டுக்குப் பொருத்தம் பார்த்த கதை

முன்பெல்லாம் இந்த ஊரில் கல்யாணத்துக்கு மட்டும்தான் பொருத்தம் பார்த்தார்கள். பிறகு வீட்டுக்கு வாஸ்து வந்தது, பெயருக்கு எண் கணிதம் வந்தது. மிச்சம் இருந்தது சீட்டுக்கட்டு. டாரட் சீட்டு வாசித்துக் குறி சொல்கிற ‘வாசகர்கள்’ தெருவுக்குத் தெரு பெருகிப்போனதால், எந்தக் கட்டு எந்தக் கைக்குப் பொருந்தும் என்று நிர்ணயம் செய்ய ஒரு மன்றம் தேவைப்பட்டதாம். யாருக்குத் தேவைப்பட்டது என்று கேட்கக் கூடாது. அப்படித்தான் தி. நகர் பாண்டி பஜாரில், ஓர் எவர்சில்வர் பாத்திரக் கடைக்கும் புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கும் கடைக்கும் நடுவே ஏறும் மாடிப்படியின் உச்சியில், ‘தென்னகச் சீட்டுப் பொருத்தப் பேரவை’ உண்டாயிற்று.

அதன் தலைவர் சுந்தரராமன், ஓய்வு பெறும் வரை ஒரு பிரஷர் குக்கர் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாடு பார்த்தவர். எந்த மூடி எந்தக் குக்கருக்குச் சேரும் என்று ஆயுள் முழுக்கப் பார்த்துவிட்டு, வீட்டில் சும்மா உட்கார அவரால் முடியவில்லை.

அந்தப் படியில் ஒரு திங்கட்கிழமை காலை ஆம்ப்ரோஸ் சார் மூச்சு வாங்க ஏறினார். சாந்தோமில் வீடு. பள்ளிக்கூடத்தில் உதவித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஹால் டிக்கெட் மறந்து வந்தவன் பிஷப்பின் அண்ணன் பையனாக இருந்தாலும் வாசலிலேயே நிறுத்துகிற ஆள். அவர் கையில் அரக்குச் சிவப்பு வெல்வெட்டில் ஒரு சுருக்குப் பை. அதற்குள் அவர் மகள் ரெனிட்டாவின் சீட்டுக்கட்டு. ரெனிட்டா போன மழைக் காலத்தில் இறந்துபோனாள்.

அவருக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தக் கட்டிலிருந்து ஒரே ஒரு சீட்டு எடுக்க வேண்டும்.

எடுத்துக்கொள்வதுதானே, அதற்கு எதற்கு மாடியேற வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். உங்களுக்குத் தோன்றும்; ஆம்ப்ரோஸ் சாருக்குத் தோன்றாது. அவர் வாழ்க்கையில் அனுமதி கேட்காமல் செய்தது தும்மல் ஒன்றுதான்.

ரெனிட்டா அடையாற்றில் ஓர் ஆர்க்கிடெக்ட் ஆபீஸில் வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் பெசன்ட் நகர் கடற்கரையில் சிநேகிதிகளுக்குச் சீட்டு பார்ப்பாள். கூலி, சுட்ட சோளம். மற்ற நாட்களில் வீட்டில் ஜெபமாலை முடிந்ததும் சாப்பாட்டு மேசையில் தன் பக்கம் கட்டைப் பரப்பிவைத்து, எதிரே உட்கார்ந்திருக்கும் அப்பாவைப் பார்த்துச் சொல்வாள்: “டாடி, ஒண்ணே ஒண்ணு எடுங்க. என்ன வந்திருக்குன்னு நான் சொல்றேன்.” அவர் பேப்பரைச் சற்றே இறக்கி, “நாளைக்குப் பார்க்கலாம்” என்பார். பேப்பர் மறுபடி ஏறிவிடும். இது தினசரி நடந்தது. அவளுக்கும் அலுக்கவில்லை, அவருக்கும் அலுக்கவில்லை.

காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று ஆட்டோவில் அவர் தோளில் சாய்ந்துகொண்டு, “வீட்டுக்கு வந்ததும் எடுக்கறீங்க டாடி. நாளைக்குன்னு சொல்லக் கூடாது” என்றாள். “சரிம்மா” என்றார். டெங்கு என்றார்கள். அவள் வீட்டுக்கு வந்தாள். ஆனால் சீட்டுப் பார்க்கிற நிலையில் வரவில்லை.

சொன்ன சொல் கடனாக நின்றுவிட்டது. எடுத்துவிடலாம் என்று பையை அவிழ்க்கப் போன ஒரு நாள், துக்கம் விசாரிக்க வந்திருந்த ரெனிட்டாவின் சிநேகிதி நீரஜா பதறிப்போனாள். “ஐயோ அங்கிள், அது அவ கட்டு. உங்களுக்குப் பொருந்துதான்னு பார்க்காம சீட்டைத் தொடக் கூடாது. தொட்டா சீட்டு பேசாது. அதுக்குன்னு ஒரு பேரவை இருக்கு.” விதி என்று ஒன்று இருப்பது காதில் விழுந்த பிறகு ஆம்ப்ரோஸ் சாரால் அதை மீற முடியுமா? பையின் சுருக்கை இறுக்கிக் கட்டிவிட்டார்.

பேரவையின் முகப்பு மேசையில் செயலாளர் சூடாமணி இருந்தார்.

“வாசகர் பேரு?”

“ஆம்ப்ரோஸ்.”

“கட்டு பிறந்த நேரம்?”

“கட்டுக்கா?”

“மேலுறையைக் கிழிச்ச நேரம் சார். அதுதான் ஜனனம். அச்சடிச்சது கணக்குல வராது, அது கருத்தரிப்பு.”

ஆம்ப்ரோஸ் சாருக்கு நினைவிருந்தது. ஈஸ்டருக்கு மறுநாள் மத்தியானம். பார்சல் வந்ததும் ரெனிட்டா போட்ட கூச்சலில் அவர் தூக்கம் கலைந்து, “மனுஷன் அசந்தாப் போதுமே உனக்கு” என்று சத்தம் போட்டார். “சுமார் மூணு மணி இருக்கும்” என்றார்.

“சுமார்னா லக்னம் மாறிடும். பரவாயில்லை, போட்டுக்கறேன். முந்தைய வாசகர் சம்மதம் குடுத்திருக்காங்களா?”

“அவ இல்லைம்மா.”

“ஊர்ல இல்லையா?”

“இல்லவே இல்லை.”

சூடாமணி படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். “இறந்தவர்னு கட்டம் கிடையாது சார். ‘இடம் மாறியவர்’னு போட்டுடறேன். விலாசம்?”

ஆம்ப்ரோஸ் சார் கல்லறையின் விலாசத்தைச் சொன்னார். சூடாமணி பின்கோடு கேட்டு எழுதிக்கொண்டார்.

அப்புறம் பையை வாங்கிச் சுருக்கை அவிழ்த்து, ரெனிட்டாவின் கட்டை மேசையில் விசிறிபோல் விரித்து, தான் ஒரு சீட்டை உருவினார். “ஆபீஸ் வழக்கம். கட்டு வாய் திறக்குதான்னு பார்க்கணும்ல.” சூரியன் வந்தது. முகம் மலர்ந்து, “என் மாப்பிள்ளைக்கு இந்தத் தடவை விசா கிடைச்சிடும்” என்றார்.

“நானும் ஒண்ணு...” என்று ஆம்ப்ரோஸ் சார் கையை நீட்டினார்.

“சார், சார்! கையை எடுங்க! பொருத்தம் பார்க்காம நீங்க தொட்டீங்கன்னா மெமோ எனக்குத்தான் வரும்.”

அவர் கையை எடுத்துக்கொண்டார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டார் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அவரே வெகுகாலம் பூசாரியாக இருந்தவர்தானே.

அடுத்து அறிவிப்பு. இன்ன கட்டுக்கும் இன்ன வாசகருக்கும் நடக்கவிருக்கும் பொருத்தத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பேரவைப் பலகையில் மூன்று வாரம் ஒட்டிவைப்பார்களாம். ஆம்ப்ரோஸ் சாருக்கு இது புதிதல்ல. அவர் போகும் மாதா கோவிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகன் இன்னாரும் இன்னாருடைய மகள் இன்னாரும் திருமணம் செய்துகொள்ளவிருக்கிறார்கள், தடை அறிந்தோர் தெரிவிக்கவும் என்று சாமியார் படிப்பார். ரெனிட்டாவின் பெயரை அப்படி வாசிக்கும் ஞாயிற்றுக்கிழமையில் எந்தப் பெஞ்சில் உட்காருவது என்றுகூட அவர் ஒரு காலத்தில் யோசித்துவைத்திருந்தார். சிரிக்காமல் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான் அப்போதைய கவலை.

பலகையில் இப்படி இருந்தது: ‘முந்தைய வாசகி: ரெனிட்டா, ஆம்ப்ரோஸ்–லூயிசா தம்பதியின் மகள்.’ அந்த மூன்று வாரமும் அவர் வெவ்வேறு சாக்குச் சொல்லிக்கொண்டு தி. நகருக்குப் போனார். பலகைக்கு முன்னால் நின்று அந்த வரியை வாசித்துவிட்டு இறங்கி வருவார். மகள் பெயரை அச்சடித்து நாலு பேர் பார்க்க வைத்திருந்த இடம் கல்லறைக்கு அப்புறம் அது ஒன்றுதான்.

தடையும் ஒன்று வந்தது. கோடம்பாக்கத்து உறுப்பினர் ஒருவர், ஓய்வு பெற்றவர்களுக்கு எதிர்காலம் குறைவு என்பதால் அவர்கள் கையில் கட்டைக் கொடுப்பது விரயம் என்று எழுதியிருந்தார். பேரவை கூடி, விரயம்தான், ஆனாலும் தடை இல்லை என்று தீர்மானித்தது.

பிறகு சகவாசப் பரீட்சை. கட்டு ஒரு வாரம் பையோடு வாசகரின் தலையணைக்கு அடியில் படுக்க வேண்டும். படுத்ததா என்று பார்க்கப் பேரவையின் கள அலுவலர் வீட்டுக்கு வருவார். வந்தவர் வாஜித். வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு, மாதா படத்துக்குக் கீழே மாலை போட்டிருந்த ரெனிட்டாவின் போட்டோவைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டார்.

“சார், தலகாணி எங்க கீது? ஒரு தபா பார்த்துக்கினு போய்டறேன்.”

ஆம்ப்ரோஸ் சார் தலையணையைத் தூக்கினார். அடியில் ஒன்றும் இல்லை. போர்வையை உதறினார், கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடினார். “ராத்திரி வச்சேனே! இங்கதானே வச்சேன்!”

லூயிசா அறை வாசலில் வந்து நின்றாள். கட்டு வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து அதைப் பிசாசு என்று சொல்லிவந்தவள் அவள். ஆனாலும், மகள் அதை ரப்பர் பேண்ட் போட்டுக் கண்ட இடத்தில் வைத்ததைப் பார்க்கப் பொறுக்காமல், அவளுடைய சின்ன வயசு கிறிஸ்துமஸ் கவுனை வெட்டி வெல்வெட் பை தைத்துக் கொடுத்தவளும் அவள்தான்.

“என் தலகாணிக்கு அடியில இருக்கு” என்றாள் லூயிசா. “தினம் நீங்க தூங்கினதும் எடுத்துப்பேன்.”

“எதுக்கு?”

“அவ கைக்குப் போடுவாளே ஆரஞ்சு வாசனை கிரீம். அது அப்படியே இருக்குங்க அதுல. அவ துணியெல்லாம் துவைச்சுட்டேன். முட்டாள் மாதிரி எல்லாத்தையும் துவைச்சுட்டேன்.” முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

வாஜித் படிவத்தை விரித்தார். “ரெண்டு பேராண்ட படுத்துச்சுன்னா ரூல்படி செல்லாது. உடு நைனா, ஒருத்தராண்ட தான்னு எழுதிக்கிறேன்.” கட்டைச் சரிபார்க்கும் கடமைக்காக அவரும் ஒரு சீட்டை உருவிப் பார்த்து, புளியந்தோப்பில் பார்த்துவைத்த வீடு கிடைக்கும் என்று முடிவுசெய்துகொண்டார். கிளம்பும்போது வாசலில் நின்று, “நைனா, இத்தினி பேர் எடுக்கறோம். உனுக்கு ஒண்ணு எடுத்துக்கினா இன்னா கொறஞ்சுப்பூடும்? நான் அந்தாண்ட திரும்பிக்கிறேன், எடுத்துக்கோ” என்றார்.

உண்மையாகவே முதுகைக் காட்டித் திரும்பியும் நின்றார். தெருவைப் பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றார்.

“வேணாம்பா” என்றார் ஆம்ப்ரோஸ் சார். “எல்லாம் முறைப்படி ஆகட்டும். அவளுக்குச் சொன்ன வார்த்தை. அதுல திருட்டுத்தனம் வேணாம்.”

கடைசியாகக் கட்டு பார்க்கும் வைபவம். பேரவை மண்டபத்தில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். கட்டைப் பட்டுத் துணியில் சுற்றி, வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து நடுவில் கொண்டுவந்தார்கள். சொஜ்ஜியும் பஜ்ஜியும் வந்தன. ஆம்ப்ரோஸ் சார் தன்னை எங்கே உட்காரச் சொல்வார்கள் என்று தெரியாமல் நின்றார். பெண்ணைப் பெற்றவன் இடமா, மாப்பிள்ளை இடமா? மாப்பிள்ளை இடம் என்றார்கள். அவர் மனசு என்னவோ பட்டுத் துணிக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

சுந்தரராமன் எழுந்து பேசினார்.

“நமஸ்காரம். நாம வியாபாரம் பண்றோம்னு சிலபேர் பேசிண்டிருக்கா. இது சேவை. இந்தப் பேரவை ஆரம்பிச்சதுலேர்ந்து ஒரு கட்டுகூட முதல் தடவையில பொருந்தினது கிடையாது. அதுல எனக்கு ரொம்பப் பெருமை. ஏன்னா, பொருந்திடுத்துன்னா வந்தவா அவாவா ஆத்துக்குப் போயிடுவா. அப்புறம் பேரவை எதுக்கு? இன்னொண்ணும் கேக்கறா, உமக்குச் சீட்டு படிக்கத் தெரியுமான்னு. தெரியாது! எங்க கமிட்டியில ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்சவாளை நாங்க சேர்த்துக்கறதே இல்லை. தெரிஞ்சவா ஒரு பக்கமா சாஞ்சுடுவா. எங்களுக்குத்தான் நடுநிலைமை.”

கைதட்டினார்கள். பிறகு கட்டுக்கு நேர்காணல். தலைவர் கேள்வி கேட்பார், சூடாமணி சீட்டை உருவுவார், வந்த படமே கட்டின் பதில். உன்னிடம் உள்ள நற்குணம் என்ன என்று கேட்டதற்குத் தலைகீழாகத் தொங்குகிற ஆள் வந்தான். யோகாப்பியாசம் தெரியும் என்று குறித்துக்கொண்டார்கள். உன் குறை என்ன என்றதற்கு இடிந்து விழும் கோபுரம் வந்தது. அஸ்திவாரம் சரியில்லை என்று குறித்துக்கொண்டார்கள். புது வாசகரைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்றதற்கு நிலா வந்தது. அதன் மூலையில் மஞ்சளாக ஒரு கறை.

“கறை” என்றார் சூடாமணி.

எலுமிச்சை ஊறுகாய். ஆம்ப்ரோஸ் சாருக்குத் தெரியும். ஒரு நாள் ரெனிட்டா தயிர் சாதத்தை ஒரு கையில் பிசைந்துகொண்டே மறு கையால் சீட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். லூயிசா போட்ட அதட்டலில் பயந்து கை மாற்றிப் பிடித்தாள். கட்டைவிரல் ரேகை அப்படியே விழுந்திருந்தது. சின்னதாக, வளைந்து வளைந்து. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

முகர்வு உறுப்பினர் என்று ஒருவர் இருந்தார். அன்றைக்கு அவருக்கு ஜலதோஷம். இருந்தாலும் விதிப்படி கட்டை மூக்கருகே கொண்டுபோய், “ஆரஞ்சு” என்றார்.

கமிட்டி குனிந்து கூடிப் பேசியது. சுந்தரராமன் நிமிர்ந்தார். “ஆம்ப்ரோஸ் சார், மத்தப் பொருத்தமெல்லாம் திவ்யம். வாசனைப் பொருத்தம் மட்டும் இடிக்கறது. பழைய வாசகி கட்டை விட்டுப் போகலை. கவலைப்படாதேள், பரிகாரம் இருக்கு. நாங்களே கட்டைக் கல்லுப்புல புதைச்சு, பச்சைக் கற்பூரம் போட்டுத் துடைச்சுக் குடுத்துடறோம். அவா பூரணமாப் போயிடுவா.”

“பூரணமாவா?”

“துளி மிஞ்சாது. கைரேகை, வாசனை, எல்லாம். அதுக்கு நான் கேரண்டி. அப்புறம் நீங்க ஒண்ணென்ன, எத்தனை வேணுமானாலும் எடுத்துக்கலாம்.”

ஆம்ப்ரோஸ் சார் ஜமுக்காளத்திலிருந்து எழுந்தார். முழங்கால் பிடித்துக்கொண்டது. நேராகத் தட்டுக்குப் போனார். யாரிடமும் கேட்கவில்லை. நிலாச் சீட்டைக் கறை படாமல் ஓரத்தில் பிடித்து எடுத்து, கட்டோடு சேர்த்து, வெல்வெட் பைக்குள் போட்டுச் சுருக்கை இழுத்தார்.

“சார், தொடப்படாது! பொருத்தமில்லைன்னு எழுதிடுவேன்!” என்றார் சுந்தரராமன்.

“எழுதுங்க” என்றார் ஆம்ப்ரோஸ் சார். “என் பொண்ணு ஏற்கெனவே ஒரு தடவை போயிட்டா சார். இன்னொரு தடவை நானே கையெழுத்துப் போட்டு அனுப்ப மாட்டேன்.”

முகர்வு உறுப்பினர் மூக்கை உறிஞ்சினார், ஜலதோஷத்தாலோ என்னவோ. முடிவு உடனே தட்டச்சாகி முத்திரையோடு வந்தது: ‘இக்கட்டு முந்தைய வாசகியையே சார்ந்துள்ளது. விண்ணப்பித்த வாசகர் ஆம்ப்ரோஸுக்குப் பொருந்தாது.’ படியில் நின்று அதைப் படித்தார். பாத்திரக் கடையில் யாரோ குடத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை நாளில் பேரவை எழுதியதில் இந்த ஒரு வரிதான் உண்மை என்று அவருக்குப் பட்டது. காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் பிடித்தார்.

வீட்டில் லூயிசா காகிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தாள்.

“ஏங்க, வாசகர்னு உங்க பேரைப் போட்டிருக்காங்களே?”

“கேட்டாங்க. சொன்னேன்.”

“நீங்களா வாசிக்கிறவர்? அவதானே வாசிக்கிறவ? நீங்க எடுக்கிறவர்தானே?”

ஆம்ப்ரோஸ் சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாளும், இத்தனை படியேறியும், தப்பான பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சை எழுதியிருக்கிறார். கட்டுக்கும் வாசகிக்கும் பொருத்தம் எப்போதோ ஆகிவிட்டது. அதற்குத்தான் இப்போது முத்திரை போட்டே கொடுத்துவிட்டார்கள். அவருக்கு எந்தப் பொருத்தமும் தேவைப்பட்டிருக்கவில்லை. கையை நீட்டியிருந்தால் போதும். அவள் இருந்தபோதே நீட்டியிருந்தால் போதும். அதை நினைத்ததும் அவர் அழுதார். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி மூக்கு ஒழுக அழுதார். லூயிசா தடுக்கவில்லை.

அன்று ஜெபமாலை முடிந்ததும் லூயிசா மேசையைத் துடைத்தாள். ரெனிட்டாவின் நாற்காலியைச் சற்று இழுத்துப் போட்டு, அதற்கு முன்னால் அவளுடைய தம்ளரை வைத்தாள். பிறகு, அந்தக் கட்டைப் பையிலிருந்து எடுத்து, வாழ்நாளில் முதல் தடவையாக, மகள் பரப்புகிற மாதிரியே, கவிழ்த்தபடி வரிசையாகப் பரப்பினாள். எல்லாச் சீட்டும் மேசையில் ஆரஞ்சு வாசனையோடு கிடந்தன.

“எடுங்க” என்றாள்.

பேப்பர் டீப்பாயில் மடித்தபடி இருந்தது. ஆம்ப்ரோஸ் சார் அந்தப் பக்கமே திரும்பவில்லை. கையை நீட்டி, ஓரத்திலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். புரட்டிப் பார்க்கவில்லை. முகம் எதிர்ப் பக்கம் இருக்கும்படி, காலி நாற்காலிக்கு நேராக, தம்ளரில் சாய்த்து வைத்தார். தம்ளர் லேசாக ஆடியது. பிடித்து நிறுத்தினார்.

“எடுத்துட்டேம்மா” என்றார். “சொல்லு.”

லூயிசாவும் கேட்பதற்காகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.